கல்லில் எழுதியதா?

பழமொழிகளை நாம் ஆராய்வதில்லை, ஒப்புக்கொண்டுவிடுகிறோம். யாரோ ஒரு பாட்டன் தன் ஆயுள்கால அனுபவத்தை வடிகட்டிச் சொன்ன வார்த்தை என்ற மரியாதை அதற்குக் காரணம். பேச்சின் நடுவில் ஒரு பழமொழி வந்து விழுந்துவிட்டால் அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று அர்த்தம். அப்படி நம் வீடுகளில் அடிக்கடி விஷயத்தை முடித்துவைக்கும் பழமொழிகள் இரண்டு உண்டு. ஒன்று, 'இளமையில் கல்வி சிலையில் எழுத்து.' மற்றொன்று, 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.'

முதலாவதைப் பிள்ளைகளிடம் சொல்கிறோம், அவர்கள் படிக்கவேண்டும் என்பதற்காக. இரண்டாவதைப் பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறோம், அவர்களைத் திருத்த முடியாது என்பதற்காக. ஒன்று ஊக்கம் கொடுப்பது. மற்றது மன்னிப்புக் கொடுப்பது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே. மனம் ஒரு கல். சிறு வயதில் அதன்மேல் உளி பட்டுவிடுகிறது. பிறகு எத்தனை மழை பெய்தாலும் எழுத்து அழியாது என்ற நம்பிக்கை.

இது உண்மைதானா என்று கேட்டுப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எனக்குக் குன்னூரில் உண்டாயிற்று.

அங்கே எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நிறையப் படித்தவர். சாதி வித்தியாசத்தைப் பேச்சில் கண்டிப்பவர். பேச்சோடு நின்றுவிடுகிறவரும் அல்ல. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் மகன் பாலிடெக்னிக் படித்து முடிக்கும் வரை சம்பளம் கட்டியவர் அவர்தான். ஒரு நாள் மாலை அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள். மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்ட செய்தியைச் சொல்ல மேடேறி வந்திருந்தாள். செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

"ஐயா, கொஞ்சம் தண்ணி குடுங்கய்யா" என்றாள்.

பெரியவர் தாமே எழுந்து உள்ளே போய்க் கூஜாவை எடுத்து வந்தார். நாங்கள் காப்பி குடித்த எவர்சில்வர் தம்ளர்கள் மேஜையின்மேல் இருந்தன. உள்ளே இன்னும் எத்தனையோ இருந்திருக்கும். அவர் நேரே கைப்பிடிச் சுவரின் மூலைக்குப் போய், அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஓர் அலுமினியத் தம்ளரை நிமிர்த்தி அதில் ஊற்றினார். அவள் குடித்தாள், குழாயடியில் தானே கழுவினாள், இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள், சந்தோஷமாகப் போய்விட்டாள்.

நான் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லையே! என்ன செய்யச் சொல்கிறீர்கள்? எங்கள் பாட்டி பழக்கியது. ஐந்து வயசில் ஏறினது எழுபது வயசில் இறங்குமா? கல்லில் வெட்டினதை ரப்பர் போட்டு அழிக்க முடியுமா?" என்றார்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர் என்று அவரைப் பரிகாசம் செய்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்னது, நம்மில் பலர் மனத்துக்குள் சொல்லிக்கொள்வதுதான். கோபக்காரர், "என் சுபாவம் அப்படி" என்கிறார். மருமகளை ஓயாமல் கடிந்துகொள்ளும் மாமியார், "என்னை இப்படித்தான் வளர்த்தார்கள்" என்கிறாள். ஒருமுறை ஏமாந்தவர், "இனி யாரையும் என்னால் நம்ப முடியாது" என்கிறார். எல்லோரும் கல்லைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். எழுதியவர் வேறு யாரோ. எழுதப்பட்ட கல்லிடம் போய்க் கணக்குக் கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

நியாயத்தைப் பற்றிய வாதம் போல இது தோன்றினாலும், இதன் அஸ்திவாரம் ஒரு செய்தி. கற்றது நம்முள்ளே எப்படி நிலைத்திருக்கிறது என்பதைப் பற்றிய செய்தி. அது சரியா தப்பா என்று பார்க்க இன்று வழி இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகவே விஞ்ஞானிகள் மூளைக்குள் அந்தக் கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அகப்பட்டது என்ன என்று முதலில் பார்ப்போம்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற நரம்பணுக்களோடு பேசுகிறது. ஆனால் பேசுகிறவை பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் ஓர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் அந்த இடைவெளி. இந்தச் சந்திப்புக்கு 1897-ல் ஷெரிங்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி 'ஸைனாப்ஸ்' என்று பெயர் வைத்தார். நாம் 'நரம்புச் சந்தி' என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கரையிலிருந்து ஒரு ரசாயனப் பொருள் புறப்பட்டு அந்தக் கரைக்குப் போகிறது; மூளையின் பெரும்பாலான சந்திகளில் அந்தப் பொருள் குளூட்டமேட். அந்தக் கரையில் அதை வாங்கிக்கொள்வதற்கென்று சில புரதங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். குளூட்டமேட் வந்து தொட்டவுடன் ஏற்பியின் நடுவே ஒரு சின்ன வாசல் திறக்கிறது. மின்னேற்றம் கொண்ட சோடியம் அணுக்கள் உள்ளே பாய்கின்றன. செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பரிசலில் வருகிற மூட்டைகளை இறக்கக் கரையில் நான்கு பேர் நின்றால் வேலை மெதுவாக நடக்கும். நாற்பது பேர் நின்றால் மளமளவென்று நடக்கும். நரம்புச் சந்தியின் பலமும் அப்படித்தான். கரையில் நிற்கும் ஏற்பிகள் எத்தனை என்பதைப் பெரிதும் பொறுத்தது அது.

கற்றல் என்பது இந்தச் சந்திகள் பலப்படுவதுதான் என்ற கருத்தை 1949-ல் கனடா நாட்டு டொனால்ட் ஹெப் எழுதினார். அதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் டிம் பிளிஸ், டெர்யே லோமோ என்ற இருவர். முயலின் மூளையில் ஒரு நரம்புப் பாதையைச் சில வினாடிகள் வேகமாகத் தூண்டிவிட்டால், அதன்பிறகு பல மணி நேரம் அந்தப் பாதையில் செய்தி முன்னைவிடப் பலமாகப் போகிறது என்று 1973-ல் அறிவித்தார்கள். ஒரு சில வினாடிகளின் அனுபவம் தழும்பு போல நின்றுவிட்டது. கல்லில் உளி பட்டதைக் கண்டுவிட்டோம் என்றுகூட அப்போது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அங்கேதான் கதை திரும்புகிறது. ஏற்பிகள் சுவரில் பதித்த குழாய் போல அந்தந்த இடத்தில் அசையாமல் இருப்பவை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1999-ல் அமெரிக்காவில் ராபர்ட்டோ மலினோவ் என்பவரின் குழுவினர், ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிப் புரதத்தை ஏற்பிகளோடு இணைத்து அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். நரம்பைத் தூண்டியதும் அணுவின் உள்ளே இருந்த ஏற்பிகள் புறப்பட்டு, அரை மணி நேரத்துக்குள் சந்தியை வந்தடைந்தன. பிறகு 2002-ல் பிரான்ஸின் போர்தோ நகரத்தில் டானியல் ஷோக்கே என்பவரும் அவர் குழுவினரும், அணுவின் மேல்தோலில் இருக்கும் ஏற்பிகள்மீது நுண்ணிய மணிகளை ஒட்டவைத்து அவை என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். அவை சும்மா இருக்கவில்லை. 1827-ல் ராபர்ட் பிரௌன் தண்ணீரில் போட்ட மகரந்தத் துகளின் கூறுகள் துள்ளித் திரிவதைக் கண்டாரே, அதே மாதிரி திசையில்லாமல் திரிந்தன. ஒரு சந்திக்குள் நுழைந்து சற்று நின்றன. பிறகு கழன்று வெளியே போயின. மீண்டும் எங்கோ நின்றன.

இப்போது அறிந்திருப்பது இதுதான். சந்தியின் அடியில் தாங்கு புரதங்கள் என்று சில உண்டு. நாம் ஒன்றைக் கற்கும்போது, அலைந்துகொண்டிருக்கும் ஏற்பிகள் அந்தத் தாங்கு புரதங்களில் மாட்டிக்கொண்டு அதிகமாக நிற்கின்றன. பிடிப்புத் தளர்ந்தால் போய்விடுகின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இன்று ஆராய்ச்சி செய்யும் தீபக் நாயர், முன்பு போர்தோவில் இருந்தபோது இதையே இன்னும் நுணுக்கமாகப் பார்த்த குழுவில் ஒருவர். 2013-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, சந்திக்குள் ஏற்பிகள் இருபது இருபதாகச் சிறு கூட்டங்கள் போடுகின்றன. அந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரம் வரை நிலைக்கின்றன. சில நிமிஷங்களில் கலைந்துவிடுவனவும் உண்டு.

ஒரு மணி நேரம்! எழுபது வயதுப் பழக்கத்துக்கு அஸ்திவாரம் தேடிப் போனால், ஒரு மணி நேரத்துக்கு மேல் உறுதியில்லாத ஒரு கூட்டம் அகப்படுகிறது.

இதைவிடப் பெரிய புதிர் ஒன்றும் உண்டு. மரபணுவின் அமைப்பை 1953-ல் கண்டறிந்த இருவரில் ஒருவரான பிரான்ஸிஸ் கிரிக் 1984-ல் அதைக் கேள்வியாகக் கேட்டார். உடம்பின் புரதங்கள் நாட்கணக்கில், மிஞ்சினால் மாதக்கணக்கில் அழிந்து புதியவை வருகின்றன; அப்படியிருக்க, ஒரு ஞாபகம் எப்படி வருஷக்கணக்கில் நிற்கிறது என்று கேட்டார். பாட்டி சொன்னதைக் கேட்டுக்கொண்ட புரதங்களில் பெரும்பாலானவை அந்தப் பெரியவர் தலைக்குள் இன்று இல்லை. ஆயினும் பாட்டியின் கட்டளை இருக்கிறது. எழுதிய கல் பொடிப்பொடியாகப் போய்விட்டது. எழுத்து மட்டும் நிற்கிறது. இது எப்படி?

விடையை விஞ்ஞானிகள் இன்னும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. ஆனால் விடை எந்த மாதிரி இருக்கும் என்பதை நீலகிரியில் பஸ்ஸில் போகிற எவரும் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

மலைச் சரிவு முழுவதும் தேயிலை, இடுப்பளவு உயரத்தில், கம்பளம் விரித்தது போல மட்டமாக இருக்கும். அது எப்போதும் அப்படியே இருப்பதாக நமக்குத் தோன்றும். பத்து வருஷம் கழித்துப் போனாலும் அதே கம்பளம்தான். ஆனால் தேயிலை இயற்கையில் இடுப்பளவுச் செடியே அல்ல. அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். அதை மட்டமாக வைத்திருப்பது ஒரு வேலை. ஏழு நாளுக்கோ பத்துப் பதினைந்து நாளுக்கோ ஒருமுறை பெண்கள் வந்து இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளிக்கொண்டு போகிறார்கள். இன்று பல தோட்டங்களில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுகிறார்கள். நூறு வயதுச் செடியில் நூறு வயது இலை ஒன்றுகூட இல்லை. இலை வந்து போகிறது, மட்டம் நிற்கிறது. விலை விழுந்து, பறிக்க ஆள் இல்லாமல் கைவிடப்பட்ட தோட்டங்களும் அந்த மலையில் உண்டு. அங்கே போய்ப் பார்த்தால் கம்பளம் இருக்காது. ஆள் உயரத்துக்கு மேல் தேயிலை வளர்ந்து, நடுநடுவே களையும் கொடியும் ஏறி, இது தோட்டமா காடா என்று சந்தேகமாக இருக்கும். யாரும் அதை அழிக்கவில்லை. வைத்திருப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

நமக்குள் நிலைத்திருப்பவையும் இப்படி வைத்துக்கொண்டிருப்பதால்தான் நிலைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு மூதாட்டியோடு பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது. 1964-ல் கையெழுத்தான சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை மலைநாட்டிலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பம். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது. 1976-ல் அது 'டான்டீ' என்ற கழகமாயிற்று. கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் காத்திருந்து, மலையேறி வந்தவர்களிடம் சாமான் அதிகம் இல்லை. கையில் இருந்த தொழில் மட்டும் குறையாமல் வந்தது. நுவரெலியாப் பக்கத்தில் கற்ற விரல்கள் கோத்தகிரியில் வேலை செய்தன.

"கை மறக்காதா, பாட்டி?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க மறக்காம இருக்கும்? மூணு மாசம் காய்ச்சல்ல கெடந்துட்டு மலைக்குப் போனா, முத்தின எலையும் சேர்ந்து வந்துரும். மேஸ்திரி ஏசுவாரு. நாலு நாள் புடிச்சுத்தான் கை வழிக்கு வரும். தெனமும் போறதாலதாங்க கை" என்றாள்.

ஸைனாப்ஸைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். ஆனாலும் தினமும் போவதால்தான் கை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் முற்றிய இலையைப் பற்றிச் சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கற்றல் என்றாலே ஒன்றைச் சேர்த்துக்கொள்வது என்று நினைக்கிறோம். நல்ல கைக்கு முக்கியம், எதைப் பறிக்கக் கூடாது என்று தெரிவது. மூளையிலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. உடலசைவுகளைச் சீர்படுத்தும் சிறுமூளையில் சந்திகள் பலவீனப்படுவதும் ஒரு வகைக் கற்றல் என்று ஜப்பானிய விஞ்ஞானி மசாவோ இட்டோ 1982-ல் சோதனையோடு எடுத்துக்காட்டினார். அங்கே ஏற்பிகள் கரையிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. தடுமாறும் கை தேர்ந்த கையாவதில், வேண்டாத அசைவுகள் இப்படி ஒவ்வொன்றாகக் கழிவதற்கும் பங்கு இருப்பதாகக் கருதுகிறார்கள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்கவைத்தது போர்தோ குழுவினர் 2017-ல் வெளியிட்ட இன்னொரு சோதனை. ஏற்பிகளை ஒன்றோடு ஒன்று பிணைத்து, நடமாட முடியாமல் செய்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். பிணைத்த பிறகும் ஏற்பிகள் தம் வழக்கமான வேலையைச் செய்தன. செய்தி வந்தால் வாங்கிக்கொண்டன. ஆனால் சந்தி பலப்படவில்லை. ஒரு பெட்டிக்குள் லேசாக மின்னதிர்ச்சி பட்ட சுண்டெலி, மறுபடி அந்தப் பெட்டிக்குள் வந்தால் பயந்து அசையாமல் நிற்கும். அதுதான் அது கற்ற பாடம். ஏற்பிகள் பிணைக்கப்பட்ட சுண்டெலிகள் அந்தப் பாடத்தைச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை.

தமிழில் 'கல்' என்றால் பாறையில் உடைத்த கல்லும்தான். 'படி' என்ற கட்டளையும்தான். அந்தப் பொருத்தத்தில் மயங்கித்தான் கல்வியையும் கல்லையும் சேர்த்து நினைக்கிறோமோ என்னவோ! கல் எதையும் கற்காது. எழுதினால் தாங்கிக்கொள்ளும், அவ்வளவே. கற்கக்கூடியது எதுவோ அது அசையக்கூடியதாகவும் இருக்கவேண்டும். பாட்டி சொன்னதை ஐந்து வயதில் ஏற்றுக்கொள்ள முடிந்ததே அந்த மனம் கல்லாக இல்லாததால்தான்.

இந்த இடத்தில் நான் சற்று நிதானிக்கவேண்டும். முயலிலும் சுண்டெலியிலும் கண்டதை அப்படியே எடுத்து மனிதனின் ஒழுக்கத்தின்மேல் ஒட்டிவிடுவது நேர்மையாகாது. தீண்டாமைக்கான ஏற்பியை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஒருவன் எப்படி நடக்கவேண்டும் என்று எந்த நுண்நோக்கியும் சொல்லாது. 'என்னால் ஆகாது' என்று ஒருவன் சொல்லும்போது அவன் சுட்டிக்காட்டும் கல் அங்கே இருக்கிறதா என்பதைப் பற்றித்தான் விஞ்ஞானம் பேச முடியும். இல்லை என்பது அதன் சாட்சியம். தீர்ப்பு நம்முடையது.

எதிர்க்கட்சிக்காரர் இரண்டு விதமாகப் பேசலாம்.

முதல் ஆட்சேபம்: எல்லாமே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், நேற்றுத் தப்புச் செய்தவன் இன்று இல்லையே, யாரைப் பொறுப்பாக்குவது? பதில், அந்தத் தோட்டத்தின்மேலேயே இருக்கிறது. போன வருஷத்து இலை ஒன்றுகூட இல்லை என்பதற்காகப் போன வருஷத்துக் கடன் தள்ளுபடியாகிறதா? இல்லை. தோட்டம் அதேதான், ஏனென்றால் அதை அதே தோட்டமாக வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் நேற்றைய நானாக இருப்பதும் அப்படியே. நான் கொடுத்த வாக்கு, நான் வைத்த அன்பு, நான் வளர்த்த வெறுப்பு எல்லாம் நான் வைத்துக்கொண்டிருக்கும் வரை என்னுடையவை. முதலில் கற்பித்தவர் பாட்டியாக இருக்கலாம். பாட்டி போய் அறுபது வருஷம் ஆன பிறகும் அதைப் பறித்துப் பறித்து மட்டமாக வைத்திருக்கிற கை யாருடையது?

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மாற்றிக்கொள்வது அவ்வளவு சுலபமா? சுலபம் இல்லை. மணியோசை கேட்டதும் எச்சில் ஊறப் பழகிய நாய்க்கு, உணவு கொடுக்காமல் மணியை மட்டும் அடித்து அடித்து அந்தப் பழக்கத்தை மறக்கடித்தார் பாவ்லோவ். மறந்துவிட்டது என்று நினைத்துச் சிறிது ஓய்வு கொடுத்து மறுபடி மணியடித்தால் எச்சில் திரும்ப ஊறிற்று. பழையது முழுதும் அழியவில்லை. அதன்மேல் புதியது ஒன்று ஏறியிருக்கிறது என்றே இன்றும் பெரும்பாலான விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். குடியை விட்டவர்களுக்கு இது தெரியும். கோபத்தை விட முயன்றவர்களுக்கும் தெரியும். ஆகவே அந்தப் பெரியவரிடம் போய், "நாளை காலையில் மாறிவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. விட்டுவிட்டால் போதும் என்பதுகூட முழு உண்மை இல்லை. கைவிட்ட தோட்டத்தில் களைதான் ஏறும். வேறொன்றை நட்டு, அதையும் தினம் தினம் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆனால் சுலபம் இல்லை என்பது வேறு, முடியாது என்பது வேறு. சுலபம் இல்லாததைச் செய்யாமலிருப்பது பலவீனம், அதை மன்னிக்கலாம். முடியாது என்று தீர்மானித்துவிட்டவன் மன்னிப்பே கேட்பதில்லை. அவனுக்குப் பழமொழி துணை இருக்கிறது.

இன்னொரு சோதனையையும் சொல்லவேண்டும். 2000-ல் நியூயார்க்கில் கரீம் நாதர் என்பவரும் அவருடைய சகாக்களும் எலிகளிடம் ஒன்றைக் கண்டார்கள். நன்றாகப் பதிந்துவிட்ட ஒரு பயத்தை மறுபடி நினைவூட்டும்போது, அது சிறிது நேரத்துக்கு இளகுகிறது. அந்தச் சமயத்தில் மூளையில் புதிய புரதம் உண்டாகாமல் தடுத்துவிட்டால் அந்தப் பயம் மீண்டும் பழையபடி நிலைகொள்வதில்லை. மனிதரிடம் இது எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதில் இன்னும் கருத்து ஒற்றுமை இல்லை. என்றாலும், ஒன்றை நினைப்பது அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து அப்படியே திரும்ப வைப்பது போன்றது அல்ல என்பது மட்டும் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் நம் கைக்குள் வருகிறது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. பெரியவரின் பழக்கத்தைப் பற்றி இத்தனை நேரம் பேசினோம். அவளுக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. தம்ளர் எந்த மூலையில் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கழுவி வைக்கவேண்டும் என்று யாரும் அன்று அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கையும் அதைத் தானாகச் செய்தது. அதையும் ஒரு பாட்டிதான் அவளுக்குப் பழக்கியிருப்பாள், அடி வாங்காமல் பிழைக்கவேண்டும் என்ற கவலையில். ஒரே தம்ளர் இரண்டு பேருடைய கைகளுக்கும் பாடம் கற்றுக்கொடுத்திருக்கிறது. நம்முடைய பழக்கத்துக்கு நாம் இரக்கம் கேட்கிறோம். அவளுடைய பழக்கத்துக்கு யார் பதில் சொல்வது? "பழசையெல்லாம் மறந்துவிடு அம்மா" என்று அவளிடம் சொல்லும் உரிமை, தம்ளரை இன்னும் மூலையில் வைத்திருக்கிற யாருக்கும் கிடையாது. அவள் மறப்பதும் மறவாததும் அவள் விஷயம். நம்முடைய விஷயம் தம்ளர்.

இது ஒரு வீட்டுத் தாழ்வாரத்தோடு முடிகிறதும் அல்ல. அந்தப் பெண்கள் பறிக்கிற தேயிலை குன்னூர் ஏலத்தில் விலையாகி மலையிறங்கிப் போகிறது. சமவெளியில் எத்தனையோ ஊர்களின் தேநீர்க் கடைகளில் அது இரண்டு விதக் குவளைகளில் ஊற்றப்பட்டது. தீண்டாமையை 1950-ல் அரசியல் சட்டம் ஒழித்தது. 1955-ல் அதற்குத் தண்டனையும் சட்டமாயிற்று. குவளைகள் அதற்குப் பிறகும் இருந்தன. சில இடங்களில் சிலருக்கு மட்டும் காகிதக் கப்பில் கொடுக்கிற புது நாகரிகமும் வந்தது. கடைக்காரரைக் கேட்டால், "எங்க ஊர்ப் பழக்கமுங்க, ரொம்ப நாளா இருக்கு" என்பார். நாளாக இருக்கிறது என்பது சரி. எப்படி இருக்கிறது? தானாகவா இருக்கிறது? தினமும் காலையில் கடையைத் திறந்ததும் ஒரு கை அந்த இரண்டாவது வரிசைக் குவளைகளை எடுத்து வைக்கிறது. ஒரு நாள் எடுத்து வைக்காவிட்டால் அன்று அந்தப் பழக்கம் அந்தக் கடையில் இல்லை.

பழமொழி செய்தவரை நான் குறை சொல்லமாட்டேன். 'சிலையில் எழுத்து' என்று அவர் சொன்னது, கற்பிக்கிறவர்கள் கவனமாகக் கற்பிக்கவேண்டும் என்பதற்காக. அந்த எச்சரிக்கை இன்றும் சரிதான். ஒரு குழந்தையின் கையில் நாம் ஏற்றுவது எளிதில் இறங்காது. அதைக் கற்றுக்கொண்டவர்கள் வயதான பிறகு ஒளிந்துகொள்ளும் இடமாக ஆக்கிவிட்டதுதான் நாம் செய்தது.

நல்லவற்றுக்கும் இதே கணக்குத்தான் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு காலத்தில் நான் கற்ற இரக்கம், ஒரு காலத்தில் நான் கொண்ட கொள்கை, பத்திரமாக உள்ளே இருக்கிறது என்று நம்பி ஒருவரும் தூங்கிவிட முடியாது. பெரியவர் அந்தப் பையனுக்குச் சம்பளம் கட்டியது உண்மை. அது கல்லில் எழுதி வைத்துவிட்ட புண்ணியம் அல்ல. அடுத்த நாளும் அதைச் செய்யும் மனமாக அவர் இருந்துகொண்டே வந்ததால்தான் அந்தப் படிப்பு முடிந்தது. அப்படி இருக்கத் தெரிந்தவருக்குத் தம்ளர் விஷயத்திலும் இருக்கத் தெரியும் என்றே நான் நம்புகிறேன். கை கூசும், கூசட்டும். முதல் நாள் கூசும், பத்தாம் நாளும் கூசும். கூச்சத்தோடு கொடுத்தாலும் அவள் குடிப்பது எல்லோரும் குடிக்கிற தம்ளரில்தான். கை வழிக்கு வர எத்தனை நாள் பிடிக்கும் என்பது கையின் கவலை. எந்தத் தம்ளரை எடுப்பது என்பது நம்முடையது.